நாற்றுமேடைக் கை

செவ்வாய்க்கிழமை காலையில் கினிகத்தேனையிலுள்ள தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது, வினோதா தன் மாமியாரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போனாள். சாயந்தரம் ஐந்து மணிக்குச் செடியை அட்டைப்பெட்டியால் மூட வேண்டும். காலை ஏழு மணிக்குத் திறக்க வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது.

"தாகமெடுக்காதா புள்ள அதுக்கு?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

"எடுக்காது மாமி. இலைக்குள்ளயே தண்ணி சேத்து வச்சிருக்கு, ஒட்டகம் மாதிரி."

"ஒட்டகத்த நான் எங்க கண்டேன். சரி, நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிறேன்."

அந்தச் செடிக்குப் பெயர் கலஞ்சோ. கல்யாணமான வாரத்தில் கணவன் திலக்ஷன் வினோதாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய் வீதியோரக் கடையொன்றில் வாங்கிக் கொடுத்தது. வாங்கும்போது செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. இரண்டு மாதத்தில் அந்தப் பூவெல்லாம் கருகி உதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக வெறும் இலைதான். வட்டவளைப் பக்கத்து மழைக்கும் பனிக்கும் தடித்த இலை அழுகிப்போகும் என்று, வினோதா அதை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்பில், முன்திண்ணையில், கூரை நீர் தெறிக்காத மூலையில் ஒரு கல்லின்மேல் வைத்திருந்தாள். ஈர்க்குக் குச்சியொன்றை மண்ணுக்குள் விட்டு எடுப்பாள். குச்சியில் மண் ஒட்டினால் தண்ணீர் கிடையாது. சுத்தமாக வந்தால் ஒரு கோப்பை. ஊற்றிய நாளைச் சுவர்க் கலண்டரில் புள்ளி வைத்துக் குறிப்பாள். எல்லாப் பக்கமும் வெளிச்சம் படட்டும் என்று வாரத்துக்கொரு தடவை சட்டியைக் கால்வாசி திருப்பி வைப்பாள்.

அப்படியும் அது பூக்கவில்லை. பிறகு யாரோ ஒரு சிங்களப் பெண் விளக்கம் சொன்ன வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, இந்தச் செடிக்குப் பூக்க வேண்டுமானால் நீண்ட இருட்டு வேண்டுமாம், நாளுக்குப் பதினான்கு மணித்தியாலம் என்று சொல்லி, பிஸ்கட் பெட்டியொன்றைக் கவிழ்த்து மூடத் தொடங்கினாள். லயமே சிரித்தது. பக்கத்து வீட்டு அழகம்மா, "செடிய தூங்க வைக்கிறியா? தாலாட்டும் பாடலாமே?" என்று கேட்டாள். "பாடுனா முழிச்சிக்கும் பெரியம்மா," என்றாள் வினோதா. அவள் விடவில்லை. ஐந்தாவது வாரம் முடியும்போது தண்டு நுனிகளில் கடுகு மாதிரி மொட்டுகள் திரண்டு வந்தன. ஐந்து கொத்து.

அன்றைக்குத்தான் மருமகள் வாய்விட்டுச் சிரித்ததை நாகலெட்சுமி முதன்முதலாகக் கண்டாள். அதுவரை இரண்டு பேருக்கும் நடுவில் சண்டையும் இருந்ததில்லை, ஒட்டுதலும் இருந்ததில்லை. மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை. மாதத்துக்கொரு தடவை வந்து இரண்டு நாள் தங்கிப் போவான். மற்ற நாளெல்லாம் இவர்கள் இருவரும்தான். சாப்பிட்டீங்களா மாமி, ம், நீ சாப்பிட்டியா. ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் இருந்த மாதிரி இருந்தது. அப்படிப்பட்டவள் தன் செடியை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள் என்றால் அது சின்ன விஷயமில்லை. நாகலெட்சுமிக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

அதனால் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். செவ்வாய் மாலை ஐந்துக்கு மூடினாள். புதன் காலை வேலைக்குக் கிளம்புமுன் ஏழு மணிக்குத் திறந்தாள். ஐந்து கொத்தையும் எண்ணிப் பார்த்தாள். ஒரு கொத்தில் மட்டும் நுனி லேசாகச் சிவந்திருந்தது. பக்கத்தில் மூச்சு விடவும் பயந்து, பெட்டியை மெதுவாக ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

புதன் மாலை மூடிவிட்டு உள்ளே வரும்போது கொழும்பிலிருந்து திலக்ஷன் போன் எடுத்தான். "அம்மா, வத்தளையில ஒரு ரூம் கெடைச்சிருக்கு. அடுத்த மாசத்திலேர்ந்து வினோதாவயும் இங்க கூட்டிக்கிறேன். அவளுக்கும் ஏதாவது வேல பாக்கலாம். நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போகலாம்."

"நல்லது தம்பி," என்றாள் நாகலெட்சுமி.

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லதானே?"

"எனக்கென்ன. நல்லது."

வியாழன் காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தாள். அதுவரை தெளிவாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு அடுத்து ஞாபகத்துக்கு வருவது தன் இடது உள்ளங்கைதான். அதில் ஐந்து கொத்து மொட்டும் கிடந்தது. வலது கைக் கட்டைவிரல் நகத்தில் பச்சைச் சாறு ஈரமாக இருந்தது.

நாகலெட்சுமி தோட்டத்துத் தேயிலை நாற்றுமேடையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவள். ஒற்றை இலையோடு வெட்டிப் பொலித்தீன் பைகளில் நட்ட தேயிலைக் கன்றுகள், வேர் பிடிப்பதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு மொட்டு விடும். விட்டால் கிள்ளிவிட வேண்டும். பூவுக்குப் போகிற பலம் வேருக்குப் போகட்டும் என்பது அங்கே சட்டம். கணுவுக்குச் சற்று மேலே, கன்று அசையாமல், கட்டைவிரல் நகத்தால் ஒரே அழுத்து. கிள்ளியதை மேடையில் போடக்கூடாது, இடது கைக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கன்று என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பேச்சு பேச்சாக இருக்கும், கை தன்பாட்டில் நடக்கும்.

அவள் மொட்டுகளைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். அவை லேசில் எரியவில்லை. உள்ளே இருந்த தண்ணீர் சீறிக்கொண்டு கொஞ்ச நேரம் வெந்தது. அது முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றதில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப்போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள்.

மத்தியானம் வினோதா வந்துவிட்டாள். சாயந்தரம் நாகலெட்சுமி வேலையிலிருந்து திரும்பும்போது, அவள் செடிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தாள். அழவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"மாமி, இங்க பாத்தீங்களா?"

"என்ன புள்ள?"

"ஒரு மொட்டும் இல்ல."

நாகலெட்சுமி அருகே வந்து குனிந்து பார்த்தாள். "நான் ஏழு மணிக்குத் தெறந்து வச்சிட்டுத்தான் வேலைக்குப் போனேன்," என்றாள். அந்த வார்த்தைகளில் பொய்யென்று ஒன்றுகூட இல்லை.

"ஒங்கள சொல்லல மாமி. நீங்க போனதுக்குப் பெறகு வந்திருக்கு. இது அந்தச் செவலக் கோழிதான்."

அழகம்மாவின் செவலைக் கோழி இஸ்தோப்புகளில் ஏறித் திரிகிற கோழி என்பது லயத்துக்கே தெரியும். நாகலெட்சுமி வாயைத் திறக்கவில்லை. திறப்பதற்கான நேரம் அதுதான் என்பதும், அது கடந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தே நின்றாள். வினோதா எழுந்து அழகம்மா வீட்டுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அழகம்மாவின் குரல்தான் முதலில் வந்தது. பின்னால் ஆள் வந்தாள். "ஏங்கோழி ஒன் செடிய தின்னுச்சா? அதுக்குப் போட்ட சோத்தையே அது ஒழுங்கா திங்கிறதில்ல. எங்க காட்டு, பாப்போம்."

அழகம்மாவும் நாற்றுமேடைக்காரிதான். நாகலெட்சுமிக்கு எட்டு வயது மூத்தவள். சண்டை போடும் வேகத்திலேயே குனிந்தவள், குனிந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்ததையும் தொட்டாள். "கோழி கொத்துனா பிஞ்சு பிசிறடிச்சுப் போயிருக்கும்," என்று தொடங்கினாள். "இது என்னமோ..."

நிமிர்ந்து நாகலெட்சுமியைப் பார்த்தாள். பிறகு வினோதாவைப் பார்த்தாள்.

"என்ன பெரியம்மா?"

"ஒண்ணுமில்ல. ஏங்கோழி இல்ல, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதையே வினோதா குற்றம் ஒப்புக்கொண்ட மாதிரி எடுத்துக்கொண்டாள். கோழியைக் கூட்டில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்க வேண்டும் என்று தோட்டத்துத் தலைவர் முத்துலிங்கத்திடம் போய்ச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை நாற்றுமேடையில் இரண்டு பேரும் ஒரே பாத்திக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வழக்கமாக அந்தப் பாத்தியில் பேச்சுக்குக் குறைவிருக்காது. அன்றைக்கு அரைப் பாத்தி முடியும்வரை பேச்சில்லை.

"எத்தன கொத்து நாகு?" என்றாள் அழகம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"என்னது?"

"பச்சப் புள்ள மாதிரி கேக்காத. எத்தன?"

"அஞ்சு."

"ம்."

"கை மறந்து கிள்ளிருச்சுக்கா. இங்க கிள்ளி கிள்ளிப் பழகுன கை."

"மறந்தா ஒண்ணு போகும். சரி, ரெண்டு போகட்டும். அஞ்சுமா மறந்து போகும்?"

"இங்க நூறு நூறா போகுதே."

"இங்க கிள்ளத்தான் நமக்குச் சம்பளம். அங்க யாரு ஒனக்குச் சம்பளம் குடுத்தா?" அழகம்மா கையிலிருந்ததை வாளியில் கொட்டினாள். "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஒன் மருமக, ஒன் வீடு. ஆனா ஏங்கோழிக்குக் கூடு அடிக்கச் சொன்னாங்கன்னா, கூட்டுக்குப் பலக நீதான் தரணும்."

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுவதும் தன் கையையே கண்காணித்துக்கொண்டிருந்தாள். அடுத்த கன்றில் மொட்டு இருந்தாலும் கிள்ளக்கூடாது என்று கைக்குச் சொல்லிவைத்தாள். வரிசையில் ஏழெட்டு கன்றுவரைதான் அது கேட்டது. கங்காணி ஏதோ கேட்டு, இவள் பதில் சொல்லித் திரும்பும்போது உள்ளங்கையில் நாலு மொட்டு கிடந்தது. கிள்ளியது தெரியவில்லை. அதைப் பார்த்ததும் நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது. பார்த்தாயா, கைதான், நானில்லை.

அந்த நிம்மதி தேநீர் நேரம்வரைகூட நிற்கவில்லை. புதன் காலையிலும் இதே கைதானே. அன்றைக்கும் பெட்டியைத் திறந்தாள், குனிந்தாள், விரலால் தொடாமல் ஐந்தையும் எண்ணினாள். அன்றைக்குக் கை சும்மாதான் இருந்தது. புதனுக்கும் வியாழனுக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: மகனின் போன். அப்படியென்றால் அது கை மறந்து செய்ததா, இல்லை கை நினைத்துச் செய்ததா? கை நினைக்குமா? நினைத்தது கையென்றால், அது யாருடைய கை? திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஒரு தடவை பழக்கம் என்று பதில் வந்தது. அடுத்த தடவை பொறாமை என்று வந்தது. எந்தப் பதிலும் அரை மணித்தியாலத்துக்கு மேல் நிலைக்கவில்லை.

சனிக்கிழமை வினோதா அவளிடம் ஒரு கடதாசிப் பையை நீட்டினாள். "மறந்தே போயிட்டேன் மாமி. ஒங்களுக்குத்தான், அம்மா வீட்டுக்குப் பக்கத்துக் கடையில வாங்குனேன். ரெண்டு நாளா செடிய பாத்துக்கிட்டீங்களே." உள்ளே கம்பளிக் காலுறை ஒரு சோடி இருந்தது. நீலம். "போட்டுப் பாருங்க, அளவு சரியான்னு."

"கால் கழுவிட்டுப் போடுறேன்," என்றாள் நாகலெட்சுமி. கழுவினாள். போடவில்லை. காலுறையைக் கொடியில் போட்டாள், எடுத்தாள், பெட்டிக்குள் வைத்தாள், பிறகு அது ஒளித்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று மறுபடி கொடியில் போட்டாள். உலை கொதித்து அடங்கியது தெரியாமல் சோறு குழைந்துபோனது. "ஒடம்பு சரியில்லையா மாமி?" என்று வினோதா கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, விறகு போதுமளவு இருந்தும் விறகு எடுக்க வெளியே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களும் துணி துவைக்க வந்தவர்களுமாக ஒரு கூட்டம் இருந்தது. முத்துலிங்கம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். கோழி வழக்கு என்று சொன்னதிலேயே அவருக்குப் பாதி சிரிப்பு.

"சொல்லு புள்ள. கோழி கொத்துனத நீ கண்டியா?"

"நான் அம்மா வீட்ல இருந்தேன் தலைவரே. ஆனா அது எங்க இஸ்தோப்புல ஏறுறத மாமி எத்தனையோ நாள் கண்டிருக்காங்க." வினோதா திரும்பினாள். "சொல்லுங்க மாமி. கண்டிருக்கீங்கதானே?"

கண்டுதான் இருக்கிறாள். கண்டிருக்கிறேன் என்று சொன்னால் போதும். அதிலும் பொய் இருக்காது. அழகம்மா ஈரத் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய்யில்லாத வார்த்தைகளாகவே பொறுக்கிப் பொறுக்கிப் பேசி நாலு நாளாயிற்று. நாகலெட்சுமிக்கு வாய் கசந்தது.

"கோழி இல்ல தலைவரே. நான்தான் கிள்ளுனேன்."

 முத்துலிங்கம் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, நாத்துமேடக் கை. மொட்டக் கண்டா சும்மா இருக்குமா? புள்ள, இனிமே தலையில பூ வச்சுக்கிட்டு ஒன் மாமியாருக்கு முன்னால நடக்காத. அதையும் கிள்ளிப் போட்டுருவா." எல்லோரும் சிரித்தார்கள். தான் ஒரு தடவை வீட்டு ரோஜாவை இப்படித்தான் கிள்ளிவிட்டதாக ஒருத்தி சொன்னாள். வழக்கு அதோடு முடிந்தது. அழகம்மா மட்டும் சிரிக்கவில்லை. துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வினோதாவும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, போஞ்சிக்காயைச் சுளகில் கொட்டி, கத்தியோடு உட்கார்ந்தாள். நாகலெட்சுமி வாசலில் நின்றாள். உள்ளே போவதா, வெளியே போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"புதங்கெழம காலையிலயும் நீங்கதானே தெறந்தீங்க?" என்றாள் வினோதா.

"நான்தான்."

"அன்னிக்கு ஏன் கிள்ளல?"

எல்லோரும் சிரித்து மன்னித்துவிட்ட இடத்தில் இவள் மட்டும் கேட்டாள், நாகலெட்சுமி மூன்று நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வியை. கைப்பழக்கம், என்னமோ தெரியவில்லை என்று சொல்லலாம். லயமே அதை நம்பிவிட்டது.

"புதங்கெழம சாயந்தரம் தம்பி போன் எடுத்துச்சு," என்றாள். "வத்தள ரூம் விஷயம் சொன்னிச்சு. மறுநாள் காலையில... கைதான் கிள்ளுச்சு புள்ள. வேணும்னே செய்யணும்னு நான் நெனைக்கல. ஆனா நெனைக்கவே இல்லன்னும் சொல்ல முடியல. எனக்கே தெரியல."

வினோதாவின் கத்தி நின்றது. "அஞ்சு வாரம் மாமி."

"தெரியும்."

"தெரியாம செஞ்சேன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"நீ நம்பியிருப்ப. நான் நம்பணுமே."

"அதுக்கு நீங்க என்னைய நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். தலமயிரப் புடிச்சு இழுத்திருக்கலாம். அந்தச் செடி என்ன செஞ்சிச்சு?"  போஞ்சியை உடைக்கத் தொடங்கினாள், கத்தியில்லாமல், கையாலேயே, படக் படக்கென்று. நாகலெட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினாள். கிடைத்ததெல்லாம் சின்னதாக இருந்தது.

போஞ்சி பாதி முடிந்ததும் வினோதா கேட்டாள். "அவருக்கு என்னன்னு சொன்னீங்க? ரூம் விஷயம் சொன்னப்ப."

"நல்லதுன்னு சொன்னேன்."

"ஏன்?"

"வேற என்னத்தச் சொல்ல?"

"போகாதீங்கன்னு சொல்லியிருக்கலாம். தனியா இருக்கப் பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கேப்பீங்களா?"

 "கேக்க மாட்டோம்," என்றாள் வினோதா. "நான் போகத்தான் போறேன் மாமி. இங்க நாள் பூரா சுவத்தப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியல. ஆனா நீங்க சொல்லியிருக்கணும். சொல்லாம எல்லாத்தையும் உள்ளுக்கே வச்சிருந்தா இப்படித்தான் எங்கயாவது போய்ப் பாயும்."

கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவள் என்ன செய்கிறாள் என்று நாகலெட்சுமிக்கு விளங்குவதற்குள் மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது. வினோதா அதைத் தன் காதில் வைக்கவில்லை. நீட்டினாள்.

"நான் என்னத்தப் பேச?"

"எனக்குச் சொன்னதச் சொல்லுங்க. செடி கதைய விடுங்க, அத நான் சொல்லிக்கிறேன்."

போன் கையில் சூடாக இருந்தது. கொழும்பு வீதியின் இரைச்சலுக்கு நடுவில் திலக்ஷனின் குரல் வந்தது. "சொல்லு வினோதா, வேலையில இருக்கேன்."

"நான்தான் தம்பி."

"அம்மாவா? என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?"

ஒண்ணுமில்ல தம்பி என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதுவும் ஒரு பழக்கம்தான். நாகலெட்சுமி அதை விழுங்கினாள்.

"அன்னிக்கு நல்லதுன்னு சொன்னேன்ல," என்றாள். "அது நெசமில்ல தம்பி."